பின்னால் விட வேண்டிய ஏழரை

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். பின்னணியில் கலவை மெஷின் ஓடுகிற சத்தம். வேலையைத் தொடங்கிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறார் என்பது அதிலேயே விளங்கிவிட்டது. தெஹிவளையில் இருந்து ஒருவர் இரண்டு பக்கக் கடிதம், அதுவும் கையால் எழுதி. மிச்சம் எல்லாம் வாட்ஸ்அப்.

வீடு கட்டுவது பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளூராட்சி சபை ஒன்றில் 31 வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து, வீட்டுப் பிளான்களைச் சரிபார்த்தே கண்ணாடி போட்டவள் நான். இப்போது வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறேன். கைப்பையில் எந்நேரமும் அளவுநாடா கிடப்பதால் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு நான் 'டேப் அன்ரி'. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

அன்ரி, அப்பா கட்டிய வீடு, 7 பேர்ச் காணி. தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறது. மேலே ஒரு மாடி எழுப்பி, கீழே குசினியைப் பின்மதில் வரைக்கும் நீட்டப் போகிறோம். இருக்கிற வீட்டுக்குள் செய்கிற வேலைக்குப் பிளான் தேவையில்லை, வேண்டுமென்றால் பிறகு கவரிங் அப்ரூவல் எடுக்கலாம் என்று மேசன் பாஸ் சொல்கிறார். சரியா? — கொட்டாஞ்சேனை வாசகர்

சரியில்லை தம்பி. முதலில் அந்த மெஷினை நிறுத்துங்கள்.

நீங்கள் சொன்ன அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 7 பேர்ச் என்றால் 1,906 சதுர அடி. குடியிருப்பு வீடு காணியில் 65 வீதத்துக்கு மேல் நிலத்தை மூடக்கூடாது. உங்களுக்கு அது 1,239 சதுர அடி. இப்போதைய கீழ்வீடு 1,050 என்கிறீர்கள். பின்னால் இருக்கிற 8 அடி வெளியை வீட்டின் 28 அடி அகலத்துக்கும் மூடினால் இன்னொரு 224. கூட்டினால் 1,274. வெறும் 35 சதுர அடிதானே கூட என்று பாஸ் சொல்வார். அந்த 35ஐ விடுங்கள், பெரிய பிழை பின்பக்கத்தில் இருக்கிறது.

7 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட வீட்டுக்குப் பின்னால் 2.3 மீட்டர் வெளி விட வேண்டும். அடிக்கணக்கில் ஏழரை. 1986 ஒழுங்குவிதிகளில் இருந்த இந்த ஏழரைதான், 2021 ஜூலையில் நகர அபிவிருத்தி அதிகார சபை வெளியிட்ட புதிய ஒழுங்குவிதிகளிலும் தொடர்கிறது. கவுண்டருக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு: இந்த ஏழரையை விடாவிட்டால் அந்த ஏழரை பிடிக்கும், சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தாலும் விடாது. உங்கள் அப்பா 8 அடி விட்டிருக்கிறார். விஷயம் தெரிந்த மனிதர். அந்த 8 அடி உங்கள் மேல்மாடிக்குப் போதும். ஆனால் மொட்டைமாடியில் பிறகு ஓர் அறை போடலாம் என்ற எண்ணம் மனதில் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: 7 மீட்டரைத் தாண்டினால் பின்வெளி 3 மீட்டர், கிட்டத்தட்ட 10 அடி கேட்பார்கள். அது உங்களிடம் இல்லை.

எதற்கு இந்த வெளி? நீங்கள் ஏழரை, பின்வீட்டுக்காரர் ஏழரை என்று விட்டால் நடுவில் 15 அடிக்குக் காற்று நடமாடும். இருவரும் விடாமல் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டின வீடுகள் கொட்டாஞ்சேனையில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பகல் 12 மணிக்கு லைட் போட்டுச் சமைக்கிற குசினிகள். அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்காவது ஜன்னல் இருக்க வேண்டும், அதில் பாதி திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பத்துக்குப் பத்து குசினிக்கு 14 சதுர அடி ஜன்னல். மதிலோடு ஒட்டிய குசினியில் அதை எங்கே வைப்பீர்கள்?

'உள்ளுக்குள் செய்கிற வேலை' என்று சொல்லித் தப்ப முடியாது. 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே, புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, இருப்பதை மாற்றிக் கட்டுவதற்கும் அனுமதி கேட்கிறது. கவரிங் அப்ரூவல் பற்றிப் பாஸ் பாதிதான் சொல்லியிருக்கிறார். கட்டி முடித்தபின் அபராதமும் கட்டணமும் வாங்கிக்கொண்டு அனுமதி கொடுப்பது உண்டு. ஆனால் கட்டியது விதிக்குள் அடங்கியிருந்தால்தான். போர்வை எட்டினால்தானே போர்த்தலாம்? மதிலோடு ஒட்டிய குசினிக்கு எட்டாது. பின்வீட்டுக்காரர் ஒரு முறைப்பாடு எழுதிப் போட்டால் நோட்டீஸ் வரும், நீதவான் நீதிமன்றம் வரும், உடைக்கச் சொல்லும் கட்டளையும் வரும். 1978ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. எல்லாம் முடிந்தபின் எடுக்க வேண்டிய இணக்கச் சான்றிதழ், நாம் எல்லோரும் சி.ஓ.சி. என்பது, கிடைக்காது. நாளைக்கு மாப்பிள்ளை இந்த வீட்டை வைத்து வங்கியில் கடன் கேட்டால் முதலில் கேட்கிற கடதாசிகளில் அது ஒன்று.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. அந்தப் பழைய சுவர் கபுக்கல்லா (செம்பூரான் பாறையில் வெட்டிய கல்), செங்கல்லா? அத்திவாரம் எவ்வளவு ஆழம்? ஒரு மூலையில் சுவரை ஒட்டிக் கிடங்கு வெட்டிப் பாருங்கள், அதையும் பொறியியலாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கபுக்கல் வீட்டின் மேல் கொங்கிறீற் ஸ்லாப் ஏற்றுவதற்கு மேசன் பாஸின் 'ஒன்றும் ஆகாது' போதாது. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் சவோய் தியேட்டர் பக்கம் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்த அன்று நான் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு யாராவது 'மேலே ஒரு மாடி' என்று தொடங்கினால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே குசினியை விடுங்கள், மேல்மாடிக்கு மட்டும் பிளான் கீறிக் கொடுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு வருடத்துக்குச் செல்லும், தேவைப்பட்டால் நீடிக்கலாம். கலியாணம் எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 78 வயது, சக்கர நாற்காலி. எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் லிஃப்டுக்குப் போக வாசலில் மூன்று படி ஏற வேண்டும். சாய்வுப்பாதை போடுங்கள் என்றால், கட்டடத்தின் அழகு கெட்டுவிடும், இடமும் இல்லை என்கிறது நிர்வாகக் குழு. சட்டம் எங்கள் பக்கமா? — வெள்ளவத்தை வாசகி

லிஃப்டுக்குப் போக மூன்று படி! இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன் தங்கச்சி. எங்கள் கட்டடமும் அப்படித்தான் இருந்தது.

சட்டத்தை முதலில் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கம். அதன் கீழ் கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் கிடைக்கிற இடங்கள் என்று அவை பேசுகின்றன. வந்தன, கிடந்தன. கலாநிதி அஜித் பெரேரா, தானே சக்கர நாற்காலியில் இருந்தவர், உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையத்தான் வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் மேசைக்கு வந்த பிளான்களில் சாய்வுப்பாதை என்று ஒரு கோடு தலைகாட்டத் தொடங்கியது.

உங்கள் தொடர்மாடி தனியார் குடியிருப்பு. வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று அந்த விதிகளை வைத்துச் சண்டை பிடிப்பது கஷ்டம். ஆனால் வாசலும் படியும் லிஃப்டும் பொதுப்பகுதி. அது குழுத் தலைவரின் சொத்து அல்ல, உங்கள் பெயரில் வீடு இருந்தால் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. முகாமைக் கூட்டுத்தாபனத்தின் (வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) பொதுக் கூட்டத்தில் எழுத்தில் கோரிக்கை வையுங்கள், தீர்மானத்தைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் தொடர்மாடிகளைக் கவனிக்கிற கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கலாம்.

சட்டத்தைவிட அளவு வேலை செய்யும். 'இடமில்லை' என்கிறவர்களுக்கு முன்னால் நாடாவை விரித்துப் போடுங்கள். ஒரு அங்குலம் ஏற 12 அங்குலம் நீளம், அதுதான் கணக்கு. உங்கள் மூன்று படியும் ஆறாறு அங்குலம் என்றால் ஏற்றம் 18 அங்குலம், பாதை 18 அடி. படியில் இருந்து கேட் வரைக்கும் 15 அடிதான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகப் போகாது. மடிக்க வேண்டும்: 9 அடி போய், 5 அடி சமதளத்தில் நாற்காலியைத் திருப்பி, மறுபடி 9 அடி. அப்படி மடித்தால் 14 அடிக்குள் அடங்குகிறது. அகலம் ஒன்றுக்கு 4 அடி, இரண்டுக்கும் 8 அடி. அந்த 8 அடி எங்கிருந்து வரும்? ஒரு கார் நிறுத்துகிற இடத்தில் இருந்து. சண்டை அழகு பற்றியது அல்ல தங்கச்சி, யாருடைய பார்க்கிங் போகிறது என்பதுதான். எங்கள் கட்டடத்தில் ஏழு மாதம் அதுதான் நடந்தது. கடைசியில் விருந்தாளிகளின் பார்க்கிங்கை எடுத்தோம். குறைந்த நீளத்தில் செங்குத்தாக ஒரு பலகையைப் போட்டுவிட்டு 'இதோ சாய்வுப்பாதை' என்று காட்டுவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். அம்மாவை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்க மூன்று பேர் வேண்டும்.

இனி நான் சொல்லப் போவதை என் பழைய அலுவலகத்தில் யாரும் படிக்காமல் இருந்தால் நல்லது. சேவையில் இருந்த 31 வருடமும் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து பின்வெளி அளந்தேன், வீதிக்கோடு அளந்தேன், மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரம் அளந்தேன். ஒருநாளும் ஒரு வீட்டின் குளியலறைக் கதவை அளந்து பார்த்ததில்லை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றுதான் அளந்தேன். நாற்காலி 25 அங்குலம். கதவுநிலைக்குள் இடைவெளி 23. இரண்டு அங்குலம். நானும் மகனுமாக இவரைப் பிளாஸ்டிக் கதிரையில் மாற்றி உட்காரவைத்து, கதிரையை இழுத்து உள்ளே கொண்டுபோனோம். இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவை அகலமாக்குவோம் என்றால் ஒரு பக்கம் தூண். மறுபக்கச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய். ஒன்பது நாள் பக்கத்து வீட்டுக் குளியலறையைப் பாவித்தோம். உடைத்த இடத்துக்குப் பழைய மாபிள் கிடைக்கவில்லை, இன்றைக்கும் அந்த ஓரம் வேறு நிறத்தில்தான் இருக்கிறது. இதையே கட்டும்போது செய்திருந்தால் செலவு? கதவு கொஞ்சம் அகலம், சுவர் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான்.

ஆகவே இப்போது பிளான் கீறிக்கொண்டிருக்கிற எல்லோருக்கும்: வீட்டில் ஒரு படுக்கையறையும் ஒரு குளியலறையும் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். அந்த இரண்டுக்கும் 3 அடிக் கதவு போடுங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவோடு சாய்ந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளித் திறக்க முடியாது. நாற்காலி ஒரு சுற்றுச் சுற்ற 5 அடி வட்டம் வேண்டும், அதை அறையின் நடுவிலாவது விடுங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போகச் சொல்லி வளர்த்த சாதி நாங்கள், அது லட்சுமி இருக்கிற இடம் என்று. சக்கரத்துக்குத் தாண்டத் தெரியாது. லட்சுமிக்குத் தட்டையான நிலைப்படி போதும், கோலம் அதில் இன்னும் வடிவாக விழும்.

வாஸ்துப்படி வடகிழக்கில் குளியலறை வரக்கூடாது என்கிறார் சாஸ்திரியார். மாநகர சபைப் பிளானில் அங்கேதான் காட்டியிருக்கிறது. என்ன செய்வது? — பம்பலப்பிட்டி வாசகர்

சபைக்கு வாஸ்து தெரியாது, சாஸ்திரியாருக்குக் குழாய்ப் பாதை தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறவர் உங்கள் கட்டடக் கலைஞர். பிளான் கொடுப்பதற்கு முன்னால் மாற்றுங்கள், அனுமதிக்குப் பின் மாற்றினால் திருத்தப் பிளான் கொடுக்க வேண்டிவரும்.

எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பு வீடு ஒன்றை டியூஷன் வகுப்பாக மாற்றிவிட்டார்கள். சனி ஞாயிறுகளில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். முச்சக்கரவண்டிகள் என் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. குடியிருப்பு ஒழுங்கையில் இப்படிச் செய்யலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை (இரண்டு பக்கக் கடிதம்)

ஐயா, உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன்.

வீடு என்று அனுமதி எடுத்த கட்டடத்தை வகுப்பறை ஆக்குவதும் ஒரு 'அபிவிருத்தி வேலை'தான், ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும். பாவனையை மாற்ற அனுமதி எடுக்க வேண்டும். எந்த வலயத்தில் எந்தப் பாவனைக்கு இடம் என்பது நகரத் திட்டத்தில் இருக்கும். கொழும்பு மாநகருக்கு 2019 முதல் 2030 வரைக்கான அபிவிருத்தித் திட்டம் இருக்கிறது, உங்கள் பகுதிக்கு உங்கள் சபையில் கேட்க வேண்டும். குடியிருப்பு வலயம் என்றவுடன் எல்லாமே தடை என்று நினைக்க வேண்டாம். வீட்டின் முன்னறையில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரை யாரும் தொடுவதில்லை. நூறு என்பது வேறு கதை. வீதியின் அகலம், வாகனம் நிறுத்த இடம், மலசலகூடம் எல்லாம் கணக்குக்கு வரும்.

வாகனச் சத்தத்தைவிட எனக்குப் பயம் தருவது நீங்கள் இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி: 'மேல்மாடி வகுப்புக்கு வீட்டின் உட்புறப் படிக்கட்டு ஒன்றே வழி.' வீட்டுப் படிக்கட்டு இரண்டரை அடி, மூன்று அடி அகலம். ஒரு ஒழுக்கு, ஒரு ஷோர்ட் சர்க்கிட், ஒரு அலறல், எண்பது பிள்ளைகள் அந்தப் படிக்கு ஓடினால்? முறைப்பாட்டில் முச்சக்கரவண்டியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு இதை முதல் வரியாக எழுதுங்கள். அதற்கு முன் வகுப்பு நடத்துகிறவரோடு ஒருமுறை கதைத்துப் பாருங்கள். உங்களிடம் படித்தவராகக்கூட இருக்கலாம்.

நேர்மையாகச் சொல்வதானால் என் பேத்தியும் இப்படியான ஒரு மாடிக்குத்தான் கணிதம் படிக்கப் போகிறாள். உங்கள் கடிதத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். அங்கே பின்பக்கம் இரும்புப் படி ஒன்று இருக்கிறது. கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். கதைத்திருக்கிறேன்.

வெல்லம்பிட்டிப் பக்கம் 10 பேர்ச் காணி, சுற்றியுள்ள விலையில் பாதிக்கு வருகிறது. மண் போட்டு நிரப்பித் தயாராக இருக்கிறது. வாங்கலாமா அக்கா? — கிராண்ட்பாஸ் வாசகர்

பாதி விலைக்கு மிச்சப் பாதி என்னவென்று கேட்டீர்களா?

பழைய உறுதியை (காணிப் பத்திரத்தை) எடுத்துக் காணியின் பெயரைப் படியுங்கள். சிங்களப் பெயர்தான் இருக்கும், நாங்கள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவோம். முடிவில் 'வத்த' என்றால் தோட்டம், நல்லது. 'கும்புர' என்றால் வயல். 'ஓவிட்ட' என்றால் வயலோரத் தாழ்நிலம். 'தெனிய' என்றால் இரு மேட்டுக்கு நடுவில் தண்ணீர் வடிகிற பள்ளம். காணி எத்தனை கை மாறினாலும் பெயர் உண்மையைச் சொல்லும். வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே வரும், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் நிரப்பக்கூடாது. தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் வேண்டும். அந்தக் கடதாசிகள் இல்லாமல் நிரப்பிய காணியில் நீங்கள் கொடுக்கிற பிளான் அப்படியே திரும்பிவரும்.

இரண்டாவது, அயல்வீட்டுச் சுவரைப் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி எல்லாம் தண்ணீருக்குள். புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் பின்சுவரிலோ மின்கம்பத்திலோ அந்தக் கோடு தெரியும். அங்கே தேநீர்க் கடை வைத்திருக்கிறவரிடம் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டுவார். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கிற சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்தது இந்தச் சதுப்புகளால்தான். அவற்றுக்கு வேலை இருக்கிறது, வெள்ளத்தை வாங்கி வைப்பது. நீங்கள் நிரப்பிவிட்டால் அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக் குசினிக்குப் போகும்.

எனக்கென்றால் வேண்டாம் தம்பி.

லண்டனில் இருக்கிற தம்பி வெள்ளவத்தையில் கடல் பக்கம் ஒரு ஃபிளட் வாங்கக் கேட்கிறான். கட்டடம் அரைவாசிதான் எழும்பியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்? — வெள்ளவத்தை வாசகி

விளம்பரப் படத்தில் இருக்கிற தென்னைமரத்தைத் தவிர எல்லாவற்றையும்.

அனுமதிப் பத்திரத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்: எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை வாகனத்துக்கு இடம். பிறகு வீதியில் நின்று மாடியை விரல் விட்டு எண்ணுங்கள். பத்திரத்தில் ஒன்பது, கண்ணில் பத்து என்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கடலில் இருந்து 300 மீட்டர் உள்வரை கரையோர வலயம், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி. காலி வீதிக்குக் கடல் பக்கத்து ஒழுங்கைகளில் பெரும்பகுதி அதற்குள் விழும். ஆகவே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியையும் கேளுங்கள்.

அப்புறம் உறுதி. 1973ஆம் ஆண்டு தொடர்மாடி உரித்துச் சட்டத்தின் கீழ் கூட்டாதனப் பிளான் (கட்டடத்தை வீடு வீடாகப் பிரித்துக் காட்டுவது) பதிவானால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். அதுவரை தம்பியின் கையில் இருப்பது ஒரு உடன்படிக்கை மட்டும். சி.ஓ.சி. இல்லாமல் குடிவந்து, பல வருடமாக 'வரும், வரும்' என்று கேட்டுக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. கடைசிப் பணத்தில் ஒரு பகுதியை உறுதி எழுதுகிற நாளுக்கு நிறுத்திவைக்க முடியுமா என்று சட்டத்தரணியோடு கதையுங்கள்.

லிஃப்டுக்கு முன்னால் படி இருக்கிறதா என்று தம்பிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவனும் ஒருநாள் வயதாகித்தான் ஊருக்கு வரப் போகிறான்.

டேப் அன்ரி, போன இதழில் குளியலறைக் கைபிடிக் கம்பியை 3 அடி உயரத்தில் போடச் சொன்னீர்கள். அப்படியே போட்டோம். என் மாமிக்கு எட்டவில்லை. அவர் நாலு அடி ஒன்பது அங்குலம். தோளைத் தூக்கித் தூக்கி இப்போது தோள் நோகிறது. — மட்டக்குளி வாசகி

பிழை என்னுடையது மகள். மாமியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். 3 அடி என்பது புத்தகத்து மனிதருக்கு.

இப்படிச் செய்யுங்கள். மாமியைக் கொமெட்டில் உட்காரவைத்து, எழும்பப் போவதுபோல் முன்னுக்குச் சாயச் சொல்லுங்கள். கை தானாகச் சுவரில் எங்கே போய் ஊன்றுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. மூன்று தரம் செய்து பாருங்கள், கோடுகள் கிட்டக்கிட்ட விழும். கம்பி அங்கே. துளை போடுகிறவரிடம் சுவர் என்ன கல் என்று கேளுங்கள். துவாரக் கல் என்றால் சாதாரண றோல் பிளக் ஆளின் பாரத்தைத் தாங்காது, பிடித்து எழும்பும்போது கம்பியோடு கையில் வந்துவிடும். பழைய துளைகளை மூட வேண்டாம், அதில் துவாய் கொழுவ ஒரு கம்பி போடலாம்.

உங்கள் செய்தி வந்த அன்று பின்னேரம் என் கணவரையும் உட்காரவைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கம்பி நான் அளந்து போட்டது, சரியாக 36 அங்குலம். இவர் கை ஊன்றிய இடம் 32. இத்தனை வருடமும் சொல்லவில்லையே என்றேன். 'நீதானே டேப்போடு நின்றாய்' என்றார்.